ஏரிக்கரையில் ஒரு சயாம்

ஜூலை மாதத்தில் கம்பளிச் சட்டை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னாள் என் மகள் மீனா. கோடை விடுமுறைக்கு மலை ஏரிகளைப் பார்க்கக் காரில் போகிறோம், அதற்கு எதற்கடி கம்பளி என்று கேட்டேன். மலையில் கோடையும் குளிரும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கும் என்றாள். மலாய் நாட்டு நெகிரி செம்பிலான் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது இன்றுவரை பிடிபடாத சங்கதி. நம் ஊரில் இரண்டே பருவம்: மழை பெய்துகொண்டிருக்கும், இல்லையென்றால் பெய்யப் போகும். இங்கிலாந்துக்குத் தாதிப் பயிற்சிக்கு வந்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. ஆனாலும் வெயில் அடித்தால் என் கை தானாகக் குடையைத் தேடுகிறது. இங்கே இருப்பவர்களோ வெயிலைக் கண்டதும் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்துவிடுகிறார்கள், அப்பளம் காயப்போட்ட மாதிரி. அதைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் நான் இன்னும் விடவில்லை. கம்பளியை எடுத்துக்கொண்டேன். மகள் சொல்லைத் தட்டும் வயதையெல்லாம் தாண்டியாயிற்று.

கடலைக் கப்பலில் தாண்டி, மூன்று நாள் காரிலேயே போய், ஆஸ்திரியாவின் மலைகளுக்குள் நுழைந்தோம். சன்னலுக்குச் சன்னல் சிவப்புப் பூந்தொட்டி. மாடுகளின் கழுத்தில் கோயில் மணி அளவுக்கு மணி. மாடு அசைந்தால்தான் அந்த ஊரில் சத்தம், மனிதர்கள் பேசுவதே காதில் விழாது. ஒரு வளைவில் கார் திரும்பியபோது கீழே ஏரி தெரிந்தது, அதற்குப் பின்னால் தலை முழுக்கப் பனியோடு ஒரு மலை. ஊரின் பெயர்ப்பலகை சாலையோரத்தில் நின்றது. பெயர் நீளமானது, என் வாயில் நுழையவில்லை. ஆனால் கடைசியில் இருந்த ஐந்து எழுத்துகள் என் கண்ணில் குத்தின. ஏ, எம், எஸ், ஈ, ஈ. காரை நிறுத்தச் சொன்னேன். "கடைசியில் இருப்பது சீ தானே?" என்று கேட்டேன். "இல்லம்மா, ஸே. ஏரின்னு அர்த்தம். அம் ஸே-ன்னா ஏரிக்கரையிலன்னு சொல்றாங்க. இந்தப் பக்கம் பாதி ஊருக்கு அந்த வால் இருக்கும்" என்றாள் மீனா. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலைப்பாதை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஒரு புதினா மிட்டாயைக் கையில் வைத்தாள்.

பாதை ஒத்துக்கொண்டது, பலகைதான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஐந்து எழுத்தை நான் ஒன்பது வயதில் படித்திருக்கிறேன். வேறு வரிசையில், வேறு ஓசையில், லாபுவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில். படித்ததோடு அது முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

என் அப்பா வீராசாமி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் அல்ல. துரை பங்களாவில் பூச்செடி பார்க்கும் தோட்டக்காரர். மற்றவர்கள் விடியலில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே போவார்கள், இவர் மட்டும் பங்களா மேட்டுக்கு ஏறிப்போவார். அந்த மேட்டின் வாசனை பிடித்துப் போனதால் அவருக்கு லயத்தில் 'சின்னத் துரை' என்று கேலிப் பெயர். துரை வெள்ளைக்காரர். துரைசானி வேறு ஏதோ தேசத்தவள், அவளுக்கு இங்கிலீஷே இரவல் மொழிதான் என்று கணக்கு எழுதும் கிராணி வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். ஒரே ஒரு முறை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் அந்தப் பங்களாவுக்குள் நான் போயிருக்கிறேன். துரைசானி எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். மேலே சர்க்கரை தூவியிருந்தது. பல ஆண்டுகளாக அந்த நாளில் இருந்து எனக்கு நினைவில் தங்கியது அந்தச் சர்க்கரை மட்டுமே.

ஜப்பான்காரன் வடக்கேயிருந்து இறங்கி வருகிறான் என்று செய்தி வந்த வாரத்தில் துரையும் துரைசானியும் காரில் ஏறி சிங்கப்பூர் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் போன தூசி அடங்கும் முன்பே லயத்துச் சனம் பங்களாவுக்குள் புகுந்தது. ஒருவர் நாற்காலியைத் தூக்கினார், ஒருவர் பீங்கான் தட்டுகளை. ஒரு அம்மாள் குளிக்கும் தொட்டியையே கட்டி இழுத்துக்கொண்டு வந்து அதில் மரவள்ளி மாவு கரைத்தாள். அப்பா கொண்டுவந்தது சுவரில் தொங்கிய ஒரு பழைய காலண்டர் படம். பனிமலை, கீழே நீல ஏரி, ஏரியில் மலையின் நிழல். "ஆளாளுக்கு மேசை நாக்காலின்னு கொண்டாறான், ஒனக்குக் காய்தந்தான் கெடச்சுதா" என்று அம்மா ஏசினாள். அப்பா சிரித்துக்கொண்டே, கண்ணாடி உடைந்துபோன ஒரு சாமிப் படச் சட்டத்தை எடுத்து அதற்குள் படத்தைப் பொருத்தினார். படம் அகலமாக இருந்ததால் இரண்டு ஓரத்தையும் கத்திரிக்கோலால் வெட்டினார். அடியில் அச்சாகியிருந்த வரியில் முன்னும் பின்னும் வெட்டுப்பட்டு நடுவில் ஐந்து எழுத்துகள் மிஞ்சின.

படம் முருகனுக்குப் பக்கத்தில் ஏறியது. அம்மா இரண்டு நாள் அதை முறைத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளுக்கே தெளிவு பிறந்துவிட்டது. பனிமலை, அடியில் தாமரைக்குளம் மாதிரி தண்ணீர், வேறு என்னவாக இருக்க முடியும்? கைலாசம்தான். துரை வீட்டில் சாமியைத் தெரியாமலே மாட்டி வைத்திருந்தார்கள் என்று அவர்களுக்காகப் பரிதாபப்பட்டாள். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, மலையுச்சியில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தாள். அடுத்த வீட்டுப் பெண்கள் வந்து கும்பிட்டுப் போனார்கள். அப்பா எதையும் மறுக்கவில்லை.

அதன்பின் வந்த நாட்களை உங்களில் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் வெட்டு நின்றுபோனது. பந்து விளையாடும் திடலைக் கொத்தி மரவள்ளி நட்டோம், காலையும் கிழங்கு, மாலையும் கிழங்கு. துணி கிழிந்து போனவர்கள் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். எனக்குப் பசி ஒரு பக்கம் இருந்தாலும் படிப்புப் பித்து விடவில்லை. தோட்டப் பள்ளியில் தமிழ் மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிராணி மகளிடம் ஒரு ஏபிசிடி புத்தகம் இருந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு கைப்பிடி ரப்பர் கொட்டை என்று பேசி, அவள் விளையாட நான் பொறுக்கிக் கொடுத்து, எஸ்ஸுக்கு அடுத்த 'டி' வரைக்கும் வந்துவிட்டேன். எழுத்துகளின் பேர் தெரியும். அவற்றைச் சேர்த்து வாசிக்கும் வித்தைக்குக் கொட்டை போதவில்லை. ஆனால் எங்கள் லயத்தில் நான்தான் இங்கிலீஷ் படித்த ஆள். அந்த நினைப்பில் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பேன்.

ஒரு நாள் கூலிகளை மேய்க்கும் மண்டோர் முனியாண்டி லயம் லயமாக வந்தார். ஜப்பான்காரன் சயாமுக்குப் போய் ரயிலுக்குத் தண்டவாளச் சடக்குப் போட ஆள் கேட்கிறான், மூன்று மாத வேலை, அரிசிச் சோறு உண்டு, கட்டத் துணி உண்டு, வீட்டுக்கு ஒருத்தர் போயாக வேண்டும் என்றார். தோட்டத்தில் இரண்டு பேர் அன்றே காட்டுக்குள் ஓடினார்கள். மறுநாள் அவர்களுக்குப் பதிலாக ஒருவருடைய தம்பியையும் இன்னொருவருடைய மனைவியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா அப்பாவையும் ஓடச் சொன்னாள், பிறகு ஓட வேண்டாம் என்றாள், பிறகு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சயாம் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாத ஊரின் பயம் வீடு முழுக்க நிறைந்திருந்தது.

அப்பா சாமிப் பலகைக்கு முன்னால் போய் நின்றார். என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, நீதான் ஏபிசிடி படிச்ச ஆளாச்சே. இந்தப் படத்துக்குக் கீள என்னா எளுதியிருக்கு? ஒங்கம்மா காதுல விளற மாரி படி" என்றார். நான் விரலை வைத்துப் படித்தேன். எஸ். ஈ. ஈ. ஏ. எம். சேர்க்கத் தெரியாததைச் சேர்த்தேன். "சீ... யாம்" என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியா பொன்னம்மா, சயாம். நான் போற எடந்தான் இது. ரொம்ப நாளா நம்ம வீட்லயே இருந்திருக்கு. எவ்ளோ அளகா இருக்கு பாரு." அம்மா எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். கைலாசம் அவள் கண்முன்னாலேயே சயாமாக மாறியது. "இம்புட்டுப் பனியா இருக்கே, குளிருமே" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒரு கவலை மற்றக் கவலைகளை விழுங்கிவிட்டது. இரண்டு சாக்கைப் பிரித்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்து, கோணி ஊசியால் தைத்து, கைவைத்த ஒரு சட்டை செய்தாள் அம்மா. நம் ஊர் வெயிலில் அதைப் பார்த்தாலே வேர்க்கும். அப்பா அதைப் போட்டுப் பார்த்து, கை கொஞ்சம் நீளம் என்று சொல்லி மடித்துவிடச் சொன்னார். சிரிக்கவே இல்லை. சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போகும் லாரியில் அவர் ஏறியபோது அந்தச் சட்டை அவர் அக்குளில் இருந்தது. அம்மா அழவில்லை. அவர் போகும் இடத்தை அவள் பார்த்திருந்தாள். தினமும் விளக்கேற்றி, அந்த ஏரிக்கரையில் அவர் எந்தப் பக்கம் இருப்பார் என்று என்னைக் கேட்பாள். நான் ஒரு மரத்தடியைக் காட்டுவேன்.

ஆஸ்திரியாவில் நாங்கள் தங்கியது ஏரியைப் பார்த்த ஒரு விருந்தினர் விடுதியில். வீட்டுக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், கன்னம் இரண்டும் கொய்யாப்பழம் மாதிரி. ஜூலை மாதத்தில் என் கட்டிலில் தலையணைபோல் உப்பிய இறகுப் போர்வை. அதைத் தொட்டதும் இலவம்பஞ்சு ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த அம்மாள் ஏதாவது வேண்டுமா என்று தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள். வாயில் இருந்த சொல் தானாக வந்தது. வெளியே ஏரியைக் காட்டி, "சயாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு காகிதத்தை எடுத்து, தேவாலயம், பாலம், தபால் நிலையம் எல்லாம் போட்டு வரைபடம் வரைந்து, ஓர் இடத்தில் வட்டமிட்டாள். சயாம் நாட்டுச் சாப்பாட்டுக் கடையாம். காரம் குறைக்கச் சொல்லிப் போன் செய்யட்டுமா என்று கேட்டாள். மீனா விழுந்து விழுந்து சிரித்தாள். ஐம்பது ஆண்டாக நான் தேடிய இடத்துக்கு வழி இத்தனை சுலபமாக இருந்திருக்கிறது. நானும் சிரித்து வைத்தேன்.

சண்டை முடிந்த பிறகு எங்கள் லயத்திலிருந்து போனவர்களில் மாரிமுத்து அண்ணன் ஒருவர்தான் திரும்பினார். எலும்பில் தோலைப் போர்த்திய மாதிரி வந்து வாசலில் உட்கார்ந்தார். அம்மா அவரிடம் முதலில் கேட்டது, அங்கே குளிர் எப்படி என்பதுதான். அவருக்குப் புரியவில்லை. மழை, சேறு, காடு, பேதி என்று அவர் சொல்லச் சொல்ல அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பேதியில் போனார். அந்தச் சாக்குச் சட்டையைக் கடைசிவரை விடவில்லை, அதன்மேல்தான் படுத்திருந்தார் என்றார் மாரிமுத்து அண்ணன். அண்ணன் எழுந்துபோன பிறகு அம்மா படத்தைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அவள் அதைக் கேட்டாள்.

"நீ அன்னிக்குச் சரியாத்தான் படிச்சியா, பாப்பா?"

"சரியாத்தான் படிச்சேன்" என்றேன்.

அந்தப் பொய்தான் என்னைச் சிரம்பான் பள்ளிக்கு அனுப்பியது. எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கக் கற்றே தீர வேண்டும் என்று ஒரு வெறி. கற்றேன். கற்ற முதல் மாதமே படத்தைத் திருப்பிப் பார்த்தேன். கரையான் அரித்துப் போயிருந்தது. எழுத்து இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. நான் நன்றாகப் படித்திருந்தால் அப்பா காட்டுக்குள் ஓடியிருப்பாரோ, என் வாயில் பிறந்த சயாமை நம்பித்தான் லாரியில் ஏறினாரோ என்ற கேள்வியோடு கப்பலேறினேன். நோயாளியின் மருந்துச் சீட்டை மூன்று முறை படிக்கும் தாதி என்று எனக்கு ஆஸ்பத்திரியில் நல்ல பேர். காரணம் யாருக்கும் தெரியாது. அம்மா நீலாயில் என் சித்தி வீட்டில் கண்மூடியபோதும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. பெற்ற மகளிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலைப் பசியாறும் அறையில் ரொட்டிக்குப் பக்கத்தில் அஞ்சலட்டைகள் அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்த அட்டையில் அதே மாதிரி பனிமலை, அதே மாதிரி ஏரி. அடியில் ஒரு வரி. மீனாவைப் படிக்கச் சொன்னேன். "டேர் ஸே அம் மோர்கன். காலையில் ஏரி. அவ்வளவுதாம்மா." நடுவில் ஐந்து எழுத்துகளை மட்டும் விட்டு, மற்றவற்றை விரலால் மறைத்துப் பார்த்தேன். எஸ், ஈ, ஈ, ஏ, எம். அந்த இடத்திலேயே, ஆறிப்போன காப்பிக்கு முன்னால், எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்பது வயசும்மா உங்களுக்கு" என்றாள். அது ஆறுதல்தான், ஆனால் அது பதில் இல்லை.

பதிலை வீட்டுக்காரம்மா கொண்டுவந்தாள். நான் கண் துடைப்பதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஏதாவது நல்லதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. சன்னலைத் திறந்து, ஏரிக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு பழுப்புக் கூரையை விரலால் காட்டினாள். மறு உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துத் தட்டி, "மைன் ஹௌஸ்" என்றாள். அவள் பிறந்த வீடு.

எனக்கு அந்தக் கை தெரியும். பிஸ்கட்டின் சர்க்கரைக்குப் பின்னால் இத்தனை ஆண்டாக ஒளிந்திருந்த கை அது. பங்களா கூடத்தில் துரைசானி காலண்டர் படத்துக்கு முன்னால் நிற்கிறாள். ஒரு விரல் படத்தின் ஏரிக்கரையில், ஓர் உள்ளங்கை நெஞ்சில். "ரூமா சாயா" என்கிறாள், தனக்குத் தெரிந்த நாலு மலாய்ச் சொல்லில். என் வீடு. என் அப்பா மண்ணான கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, படத்தைப் பார்த்துத் தலையாட்டி, "பாகூஸ், மெம்" என்கிறார். நல்லாயிருக்கு அம்மா. நான் பிஸ்கட்டைக் கடிக்கிறேன்.

அப்பாவுக்குத் தெரியும். அந்த மலை துரைசானியின் ஊர், சயாம் அல்ல என்று லயத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர். மண்டோர் பட்டியலில் பேர் ஏறியாகிவிட்டது, ஓடினால் அம்மாவை ஏற்றிவிடுவார்கள், போய்த்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது படிப்பு அல்ல. ஒரு பிள்ளையின் வாயிலிருந்து, அம்மா காதில் விழும்படி, ஏதோ ஒரு நல்ல ஊரின் பேர். நான் எதைப் படித்திருந்தாலும் அதையே சயாம் என்று சொல்லியிருப்பார். ஒரு கூடை இலவம்பஞ்சை வேர்க்க வேர்க்கச் சுமந்துகொண்டு, அது தேவைப்படாது என்று தெரிந்தே போயிருக்கிறார். என் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் அவர் இல்லாத துக்கம், புதிதாக நேற்றுப் போனவரைப் போல, வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா, நான் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் உன் புருஷன் உன்னைச் சரியாகப் படித்திருந்தார்.

அறைக்குத் திரும்பிச் சன்னலுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அப்பால் மலை. படத்தில் இருந்த எல்லாம் இருந்தது, ஒன்று மட்டும் குறைந்தது. கைப்பையில் எங்கே போனாலும் ஒரு குங்குமச் சிமிழ் வைத்திருப்பேன். கண்ணாடியில், சரியாக மலையுச்சி தெரிந்த இடத்தில், விரலால் ஒரு பொட்டு வைத்தேன். கீழே மீனா பெட்டிகளைக் காரில் ஏற்றும் சத்தம் கேட்டது. கிளம்பலாமா என்று கூப்பிட்டாள். எழுந்து நின்றேன். பொட்டு உச்சியிலிருந்து இறங்கி ஏரிக்குள் விழுந்துவிட்டது. மறுபடி உட்கார்ந்தேன், உச்சிக்கு ஏறிக்கொண்டது. உட்கார்ந்தால் அம்மாவின் கைலாசம். நின்றால் யாரோ ஒருத்தியின் ஊர்த் தண்ணீர். வீட்டுக்காரம்மா மத்தியானம் கண்ணாடி துடைக்க வருவாள், அது என்ன கறை என்று யோசிப்பாள். மீனா இன்னொரு முறை கூப்பிட்டாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலிக்க வலிக்க, பாதி எழுந்து அப்படியே நின்றேன். பொட்டு ஏரிக்கரையில், ஒரு மரத்தடியில் இருந்தது.